அரை டெசிபல்

வர்ற வியாழக்கிழமை நம் தமிழ் மன்றப் பாட்டுக் குழுவுக்கு ஆடிஷன். நோட்டீஸ் பார்த்திருப்பீர்கள். ஆள் எடுக்கும் மூன்று பேரில் நானும் ஒருத்தி. போன வாரம் சீனியர் அண்ணா ஒருத்தர் மார்க் ஷீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சுருதி 10, தாளம் 10, உச்சரிப்பு 10, கடைசியாக 'குழுவோடு சேருமா' 10. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அந்தக் கட்டத்துக்கு நான் ஏற்கெனவே ஒரு தடவை மார்க் போட்டிருக்கிறேன். பேனா, பேப்பர் எதுவும் இல்லாமல், பதினாறு வயதில், என் கூடப் படித்த ஒருத்திக்கு. அதை உங்களிடம் சொல்லிவிட்டு வியாழக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சரியாக இருக்கும் என்று தோன்றுகிறது.

எனக்குப் பெரும்பாறை. அய்யம்பாளையம், சித்தரேவு தாண்டி மலை ஏறுகிற ரோட்டில் இருக்கிறது. அதே ரோடு மேலே தாண்டிக்குடிக்குப் போகும். ஹாஸ்டலில் கேட்டால் "கொடைக்கானல் பக்கம்" என்று சொல்லிவிடுவேன், சுலபமாகப் புரியும் என்பதால். ஆனால் ஏரி, படகு, ஹோம்மேட் சாக்லேட் எதுவும் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. எங்களுடையது கீழ்மலை. சில்வர் ஓக் நிழலில் காப்பி, அந்த மரத்தையே பிடித்து ஏறும் மிளகு, நடுநடுவே ஆரஞ்சு, மலைவாழை, பலா. புல்லாவெளி அருவி ரீல்ஸ் பார்த்திருந்தால், அது எங்க ஊர்ப் பக்கம்தான். அருவியைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரில் டீ குடிப்பார்கள், சிக்னல் ஏன் வரவில்லை என்று கேட்பார்கள், போய்விடுவார்கள்.

நான் படித்தது மலையிலேயே ஒரு அரசுப் பள்ளி. பாட்டு டீச்சர் கிடையாது. பாட்டுக் குழு என்று சொல்லிக்கொண்டால் அது காலை வழிபாட்டில் மைக் முன்னால் நிற்கும் ஐந்தாறு பொண்ணுங்கதான். நான் பத்தாவது படிக்கும்போது, 2021 டிசம்பர் 17 அன்று, தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடல் என்று அரசு அறிவித்தது. பாட்டு புதிதில்லை, 1970இலிருந்தே அரசு விழாக்களில் பாடுவதுதான். ஆனால் இந்த ஆணையில் கணக்கு கறாராக இருந்தது. 55 விநாடியில் முடிக்க வேண்டும். முல்லைப்பாணி, அதாவது மோகன ராகம். மூன்றன் நடை. விழாக்களில் ரெக்கார்டு போடக் கூடாது, வாயால் பாட வேண்டும்.

எங்கள் தமிழம்மா இதைப் படித்துவிட்டு மறுநாளே போனில் ஸ்டாப்வாட்சோடு வந்துவிட்டார். முதல் நாள் நாங்கள் எடுத்துக்கொண்டது ஒரு நிமிஷம் 12 விநாடி. பனியில் பல்லு கிட்டிக்கொண்டு பாடினால் பாட்டு நீளும், வேறென்ன செய்ய? "பிள்ளைகளா, இது தாலாட்டு இல்ல" என்றார். ஒரு மாதம் கழித்து 57க்கு வந்தோம். 55ஐ ஒரே ஒரு நாள் தொட்டோம், அன்றைக்குத் தமிழம்மா லீவு.

மோகனத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஏழு சுரத்தில் ம, நி இரண்டும் அதில் இல்லை. ஐந்தே சுரம். அந்த இரண்டு இல்லாததால் பாட்டு தெரியாதவர்கள்கூட ஓரளவு ஒட்டிக்கொண்டு வந்துவிடலாம். முந்நூறு பிள்ளைகள் கிரவுண்டில் நின்று பாடினாலும் காது கிழியாததற்கு எம்.எஸ். விஸ்வநாதன் போட்ட மெட்டும் ஒரு காரணம். அந்தக் குழுவில் நான் நடுவில் நிற்பேன். எனக்கு வலது பக்கம் அவள் நிற்பாள்.

அவள் பெயர் வேண்டாம். அவளே அப்படிச் சொல்லிவிட்டாள். அவள் அம்மா ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. சனி ஞாயிறு அவளும் போவாள். அவள் குரல் கனமான குரல். பொண்ணுங்க குரல் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த மெல்லிசான கம்பி இல்லை. தோட்டத்தில் மிளகுக்கு ஏறின குரங்கை விரட்ட அவள் ஒரு சத்தம் கொடுத்தால் எதிர்ச் சரிவில் வேலை பார்ப்பவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். வழிபாட்டில் மைக் கெட்டுப் போன நாட்களில் கிரவுண்டின் கடைசி வரிசைக்குக் கேட்டது அவள் குரல் மட்டும்தான். அப்போதெல்லாம் எங்களுக்கு அவள் வேண்டியிருந்தது.

நாங்கள் பிளஸ் ஒன் போன வருடம், 2022-23இல், பள்ளிக் கல்வித்துறை கலைத் திருவிழாவைத் தொடங்கியது. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு. முதலில் பள்ளி அளவு, அதில் தேறினால் வட்டாரம், பிறகு மாவட்டம், பிறகு மாநிலம். மாநிலத்தில் வந்தால் கலையரசன், கலையரசி பட்டம். உங்களில் பல பேர் இதில் ஏதாவது ஒன்றுக்குப் பேர் கொடுத்திருப்பீர்கள், மேடை ஏறாமலும் ஓடியிருப்பீர்கள். எங்களுக்கு அது பெரிய விஷயம். மலையை விட்டு இறங்கி ஒரு மேடையில் நிற்பது என்பதே அதுவரை நடக்காத ஒன்று.

குழுவாகப் பாடுவதற்குப் பத்துப் பேர் சேர்ந்தோம். பாரதியார் பாட்டு ஒன்று. தமிழம்மா பாட்டைத் தேர்ந்தெடுத்தார், மெட்டை நான் யூடியூபில் கேட்டு எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன். சுருதிக்குப் போனில் ஒரு தம்பூரா ஆப். அதை எந்தக் கட்டையில் வைப்பது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. எனக்கு ஐந்தரை சௌகரியம், ஐந்தரையில் வைத்தேன்.

கட்டை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: ஹார்மோனியத்தில் எந்தக் கட்டையை 'ச' என்று வைத்துக்கொண்டு பாட ஆரம்பிக்கிறோம் என்பதுதான். ஒன்று என்றால் கீபோர்டில் சி. ஐந்து என்றால் ஜி. ஐந்தரை அதற்கு அடுத்த கருப்புக் கட்டை. ஆண்கள் பொதுவாக ஒன்று, இரண்டு பக்கம். பெண்கள் ஐந்து, ஆறு பக்கம். 'பொதுவாக' என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் மாட்டிக்கொள்ளும்.

போட்டி நேரம் சரியாகக் காப்பிப் பழம் பறிக்கும் நேரம். பழம் செடியில் சிவந்த பிறகு காத்திருக்காது. வடகிழக்குப் பருவமழையும் அதே சமயத்தில். எனவே பிராக்டிஸ் எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். ஒரு நாள் ஆறு பேர் இருப்போம், ஒரு நாள் நாலு. மழை பிடித்தால் பஸ் வராது, மண் சரிந்தது என்பார்கள். அவள் வந்த நாட்களில் விரல் நுனியெல்லாம் காப்பிப் பிசினில் கறுத்திருக்கும். பாட்டின் பாதி வரை அவளுக்குப் பிரச்சினையே இல்லை. சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகும் ஒரு இடம் உண்டு. அங்கே வந்தால் எங்கள் எல்லாருக்கும் கொஞ்சம் கீழேயே அவள் குரல் நின்றுவிடும். எட்டாது. எட்டிப் பிடிக்க முயற்சி செய்தால் இன்னும் கத்தலாகும்.

பிளஸ் ஒன் பிசிக்ஸில் 'விம்மல்கள்' ஞாபகம் இருக்கிறதா? கிட்டத்தட்ட ஒரே அதிர்வெண் உள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் சத்தம் கூடியும் குறைந்தும் துடிக்கும். ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பது இரண்டு அதிர்வெண்களின் வித்தியாசம். 415 ஹெர்ட்ஸில் நானும் 410இல் அவளும் நின்றால் விநாடிக்கு ஐந்து. அந்தச் சரணத்தில் எனக்குக் கேட்டது அதுதான். பாடத்தில் அதைக் கணக்காகப் போட்டு முழு மார்க் வாங்கினேன். விம்மல் என்றால் அழுகை என்றும் ஒரு அர்த்தம் இருப்பது அப்போது தோன்றவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் சாயங்காலம். தமிழம்மா ஹெச்.எம். ரூமில் இருந்தார். மூன்று தடவை பாடினோம், மூன்று தடவையும் அதே இடம். ஒன்பதாவது படிக்கும் ஒரு பாப்பா சிரித்துவிட்டது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவளைத் தனியாக வராண்டாவுக்குக் கூப்பிட்டேன். இப்படித்தான் சொன்னேன், ஒரு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது:

"ஏ புள்ள, நாளைக்கு நீ சும்மா வாயை மட்டும் அசைடீ. யாருக்கும் தெரியாது. பத்துப் பேரு நின்னா போதும்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. "முழுப் பாட்டுக்குமா?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் என்று நான் சொல்லியிருக்கலாம். முதல் பாதியில் எங்களுக்கு இருந்த ஒரே அடித்தளம் அவள் குரல். அதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்கு நான் "ஆமா, முழுசுக்கும்" என்றேன். ரிஸ்க் எடுக்கக் கூடாது இல்லையா.

மறுநாள் முதல் பஸ். மலைப் பிள்ளைகள் மலைப் பஸ்ஸில் வாந்தி எடுக்க மாட்டார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே இறங்கினோம். மேலே கிளம்பும்போது ஸ்வெட்டர், சித்தரேவு வருவதற்குள் எல்லாம் பைக்குள். கீழே வெயில் வேறு மாதிரி இருந்தது. போட்டி நடந்த பள்ளியில் எந்த மரத்தடியைப் பார்த்தாலும் ஒரு குரூப்: சலங்கை கட்டிக்கொண்டு, பறையைச் சூடு காட்டிக்கொண்டு, ஜரிகைத் துணியில் பின் குத்திக்கொண்டு. நாங்கள் யூனிஃபார்மில் போயிருந்தோம். தலைக்கு மட்டும் தமிழம்மா ஆளுக்கு ஒரு முழம் கனகாம்பரம் வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் முறை வர மத்தியானம் ஆனது. ஒரு கிளாஸ்ரூம்தான் மேடை. மூன்று பெஞ்ச் தள்ளி மூன்று நடுவர்கள். நடுவில் இருந்தவர் வயதானவர், ஓய்வு பெற்ற பாட்டு வாத்தியார் என்று வெளியே பேசிக்கொண்டார்கள். தம்பூரா ஆப்பை ஆன் செய்து மேசையில் வைத்தேன். பாடினோம். நன்றாகவே பாடினோம் என்று இப்போதும் நினைக்கிறேன். அந்தச் சரணத்தில் எந்தத் துடிப்பும் இல்லை, கண்ணாடி மாதிரி இருந்தது. வலது பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, ஏனென்றால் எப்போதும் என் வலது காதில் இருக்கும் ஒன்று இல்லை.

பாட்டு முடிந்ததும் மற்ற இரண்டு பேரும் எழுத ஆரம்பித்தார்கள். அந்தப் பெரியவர் எழுதவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கடைசியில இருந்து ரெண்டாவது நிக்கிற பாப்பா, உனக்குத் தொண்டை கட்டியிருக்கா?" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்லைங்க ஐயா."

"அப்ப ஏன் பாடல?"

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தமிழம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த ஐந்து விநாடியில் நான் பேசியிருக்க வேண்டும். அவளே பேசினாள். "வார்த்தை மறந்துருச்சுங்க ஐயா" என்றாள்.

அவர் நம்பவில்லை. திட்டவும் இல்லை. மேசையில் இருந்த என் போனைக் காட்டி, "இந்தச் சுருதி யாருக்கு வெச்சது?" என்று கேட்டார். எனக்கு என்றேன். "நாலரைக்கு இறக்கியிருந்தா பத்துப் பேருக்கும் வெச்சதா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, "சரி, அடுத்த குழுவ வரச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான் நடந்தது. கதைகளில் வருகிற மாதிரி எங்களைத் திரும்பப் பாடச் சொல்லவில்லை. வெளியே ஏழு குழு காத்திருந்தது.

மூன்றாவது இடம் வந்தோம். மாவட்டத்துக்குப் போவது முதல் இடம். தமிழம்மா எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் குத்துப் பாட்டு பாடிக்கொண்டு வந்தார்கள். அவள் ஜன்னல் பக்கம் தூங்குகிற மாதிரி இருந்தாள். தூங்குகிறாள் என்று வைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

காலேஜ் வந்து இரண்டாவது வருஷம் சவுண்ட் பற்றி ஒரு மினி ப்ராஜெக்ட் செய்தபோதுதான் இதற்கு ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். சரி சமமான அளவில் பாடும் n பேரின் ஒலி, ஒருத்தர் பாடுவதைவிட 10 log n டெசிபல் கூடுதல். இரண்டு பேர் பாடினால் 3 டெசிபல். பத்துப் பேர் பாடினால் 10. பத்தில் ஒருத்தி நின்றுபோனால் குறைவது 0.46. அரை டெசிபல்கூட இல்லை. ஒரு டெசிபலுக்குக் குறைந்த வித்தியாசத்தைச் சாதாரணமாக நம் காது கவனிப்பது கஷ்டம். கணக்குப்படி நான் சொன்னது சரி: "யாருக்கும் தெரியாது." ஆனால் அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது. அவர் காதால் கண்டுபிடித்தாரா, வாயைப் பார்த்துக் கண்டுபிடித்தாரா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இரண்டும் இருக்கலாம். பாடுகிற ஆளுக்குத் தோளும் கழுத்தும் அசையும். வாயை மட்டும் அசைக்கிறவளுக்கு அது வராது.

இன்னொன்றும் அந்த ப்ராஜெக்டில் தெரிந்தது. கிட்டார் வாசிக்கிறவர்களிடம் 'கோரஸ்' என்று ஒரு பெடல் இருக்குமே, அது என்ன செய்கிறது? வரும் சிக்னலைக் காப்பி எடுத்து, சில மில்லிசெகண்ட் தாமதப்படுத்தி, அதன் சுருதியைக் கொஞ்சம் மேலும் கீழும் ஆட்டி, ஒரிஜினலோடு கலக்கிறது. அதாவது ஒரே ஆளைப் பல பேராகக் காட்டுவதற்குத் தப்பைத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது. அச்சு அசலாக ஒரே சுருதியில், ஒரே நொடியில், ஒரே மாதிரி பத்துப் பேர் பாட முடிந்தால் அது பத்துப் பேராகக் கேட்காது. ஒரு ஆள் சத்தமாகப் பாடுவது போலத்தான் கேட்கும். நான் அன்றைக்கு 'கண்ணாடி மாதிரி' என்று பெருமைப்பட்டேனே, அது அதுதான்.

சேர்ந்திசை பற்றித் தேடும்போது எம்.பி. சீனிவாசன் என்ற பெயரில் வந்து நின்றேன். 1960இல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். அவர் சென்னையில் மெட்ராஸ் யூத் கொயர் என்ற குழுவை ஆரம்பித்தார். நம் ஊரில் எல்லாரும் ஒரே மெட்டைச் சேர்ந்து பாடுவதுதான் வழக்கம். அவர் நம் பாட்டுகளை எடுத்து, கனத்த குரலுக்கு ஒரு வழி, மெல்லிய குரலுக்கு ஒரு வழி என்று பிரித்து, ஒரே நேரத்தில் பாட வைத்தார். பெரிய வித்வான்களைத் தேடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கூட்டமாகப் பாடச் சொல்லிக் கொடுப்பதை ஒரு வேலையாகவே வைத்திருந்தார். 1988இல் லட்சத்தீவில் இறந்தார். அங்கேயும் பிள்ளைகளுக்குச் சேர்ந்திசை சொல்லிக் கொடுக்கத்தான் போயிருந்தார்.

சர்ச் கொயரில் இருக்கும் நம் ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதுசு இல்லை. சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பாஸ் என்று நாலு வரிசை. என் ரூம்மேட்டிடம் அவளைப் பற்றிச் சொன்னபோது பாதியிலேயே நிறுத்தி, "அது ஆல்ட்டோடீ. எங்க சர்ச்ல அந்த மாதிரி ஒரு குரலுக்குத்தான் அலையுறோம்" என்றாள். நான் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. குறை என்று நான் வாயைக் கட்டிய விஷயத்துக்கு ஒரு பெயரும் ஒரு வரிசையும் இருந்திருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரத்தில் ஏதாவது ஒரு சர்ச்சிலேயே.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் பள்ளிக் கொயர்களுக்கு வருடா வருடம் ஒரு மதிப்பீடு நடக்கும். அதில் முதல் இடம், இரண்டாம் இடம் கிடையாது. ஒவ்வொரு குழுவையும் ஒரு அளவுகோலோடு ஒப்பிட்டு 'சுப்பீரியர்', 'எக்ஸலண்ட்' என்று தரம் கொடுப்பார்கள். வந்த எல்லாருக்குமே முதல் தரம் கிடைக்கலாம், யாருக்குமே கிடைக்காமலும் போகலாம். நடுவர்கள் ஒவ்வொருவரும் தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுப்பார்கள். பாடி முடித்ததும் வேறு ரூமுக்குக் கூட்டிப் போய், அதுவரை பார்க்காத இசைக்குறிப்பைக் கொடுத்துப் பாடச் சொல்வதும் உண்டு. அது நல்ல முறையா, நம் முறை நல்லதா என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை. அந்த முறை இருந்திருந்தாலும் நான் அவளை வாயை அசைக்கத்தான் சொல்லியிருப்பேன், 'சுப்பீரியர்' வேண்டும் என்று. எனக்குக் குறிப்பாகக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம், வாயால் சொன்னது. மூன்றாம் இடத்துச் சர்டிபிகேட் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. 'நாலரை' மட்டும் போகவில்லை.

இதை எழுதுவதற்கு முன்னால் அவளுக்குப் போன் செய்தேன். பிளஸ் டூ முடித்ததும் அவள் திருப்பூருக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனியில் செக்கிங். ஞாயிற்றுக்கிழமை, துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஊர்க் கதை எல்லாம் பேசின பிறகு மெதுவாக ஆரம்பித்தேன். அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றேன்.

"எது, வாயை அசைக்கச் சொன்னதா? அது கெடக்குது. போட்டின்னா அப்படித்தான்" என்றாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு அவளே சொன்னாள்: "மறுநாள் அசெம்பிளில நீ மைக்க உன் பக்கமே வெச்சுக்கிட்டடீ. எப்பவும் நமக்கு நடுவுல வெப்ப. அதுக்கப்பறம் நான் வரிசைக்குப் போயிட்டேன். நீ ஏன் வரலன்னு ஒரு நாளும் கேக்கல."

மைக் விஷயம் எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமாக இல்லை. நான் இத்தனை வருஷம் சுமந்துகொண்டிருந்தது வேறு ஒன்றை.

"இப்ப பாடுறியா?" என்று கேட்டேன்.

"லைன்ல நிக்கிறப்ப பாடுவேன். மிஷின் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போவுது?" என்றாள். பக்கத்து டேபிள் அக்கா ஒருத்தருக்கு மட்டும் கேட்குமாம், அவர் சில நாள் "நேத்துப் பாடினியே அத எடு" என்பாராம். எந்தப் பாட்டு என்று நான் கேட்டதற்கு, அதெல்லாம் உனக்கு எதற்கு என்று சிரித்தாள். எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எழுதிக்கோ. பேர் போடாத. எங்க அம்மா யார் கிட்டயாவது படிக்கச் சொல்லிக் கேட்டுட்டு உன் கிட்ட சண்டைக்கு வரும்."

சீனியர் அண்ணாவிடம் பேசினேன். கடைசிக் கட்டத்தை எடுக்க மாட்டோம் என்றார், குழு என்றால் அது பார்க்கத்தானே வேண்டும் என்றார். அதுவும் நியாயம்தான், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கடைசியில் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டார்: எல்லாருக்கும் ஒரே சுருதி வைத்துப் பாடச் சொல்வதில்லை.

எனவே வியாழக்கிழமை, மத்தியானம் நாலரை மணி, மெக்கானிக்கல் பிளாக் செமினார் ஹால். எந்தப் பாட்டு வேண்டுமானாலும் பாடலாம், இரண்டு நிமிஷம். உள்ளே வந்ததும் உங்களுக்கு எத்தனை கட்டை என்று கேட்பேன். தெரியாது என்றால் பரவாயில்லை, எதையாவது சும்மா பாடுங்கள், கண்டுபிடித்து வைத்துத் தருகிறேன். போன் சார்ஜ் ஃபுல்லாகப் போட்டுக் கொண்டுவருகிறேன்.